விசில் ஓய்ந்த பிறகு

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது நம் பாடசாலையின் விளையாட்டு வரலாற்றை. எந்த ஆண்டு எந்தக் கிண்ணம், யார் அணித்தலைவி என்ற பட்டியல் இம்மலரின் பிற்பகுதியில் தனியாக வருகிறது. ஆகவே அதை நான் இங்கே திரும்ப எழுதவில்லை. அந்தப் பட்டியலில் வராத சிலர் இருக்கிறார்கள். மழைக்கோட்டும் கழுத்தில் விசிலுமாக மைதான ஓரத்தில் நின்றவர்கள். குழுப்படங்களில் ஓரத்து நாற்காலியில் சேலையுடன் அமர்ந்திருப்பார்கள். படத்தின் கீழே அவர்கள் பெயர் சில வேளை இராது. எங்களுக்கு விளையாடக் கற்றுக்கொடுத்த இவர்கள், கற்றுக்கொடுக்க எங்கே கற்றுக்கொண்டார்கள்? நானும் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அதனால் இந்தக் கேள்வியில் எனக்குக் கொஞ்சம் பக்கச்சார்பு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓட்டத்தையும் எல்லேயையும் வேறொருவர் எழுதட்டும். நான் வலைப்பந்தாட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது பெண்களுக்கென்றே வளர்ந்த ஆட்டம். இலங்கையில் அதன் வயதும் நம் சங்கத்தின் வயதும் ஏறத்தாழ ஒன்று.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். அடுத்த வருடமே, அதே மாநிலத்தில் இருந்த ஸ்மித் பெண்கள் கல்லூரியின் தேகாப்பியாச ஆசிரியை செண்டா பெரன்சன் அதைத் தம் மாணவியருக்குக் கொண்டுவந்தார். கொண்டுவந்தவர் அதை அப்படியே விட்டுவிடவில்லை. பந்தைப் பறிப்பதும், கைதேர்ந்த ஓரிருவர் ஆட்டம் முழுவதையும் தங்களுடையதாக்கிக்கொள்வதும் அவருக்குச் சரியாகப் படவில்லை. எனவே களத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்தார். ஒவ்வொருத்தியும் தன் பகுதியைத் தாண்டக்கூடாது. கையிலுள்ள பந்தைப் பறிக்கக்கூடாது. மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. நம் மைதானத்தில் "ஆஃப்சைட்" என்று விசில் ஊதும்போதெல்லாம் முகம் சுளித்தோமே, அந்தச் சட்டத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. பெண்கள் ஆடுவதை நின்று கவனித்து, என்ன குறை என்று யோசித்து, மறுமுறை மாற்றிப் பார்த்த ஓர் ஆசிரியையின் வேலை அது.

கூடைப்பந்தாட்டம் 1893இல் கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போனது. சுவீடனிலிருந்து வந்த மார்ட்டினா பேர்க்மன் ஆஸ்டர்பேர்க் அம்மையார் பெண் தேகாப்பியாச ஆசிரியைகளுக்காக நடத்திய கல்லூரியில், சுவரில் மாட்டிய குப்பைக்கூடைகளில் பந்தைப் போட்டு ஆடினார்களாம். 1895இல் அந்தக் கல்லூரி டார்ட்ஃபோர்ட்டுக்கு இடம் மாறியது. 1901இல் முதல் சட்டப் புத்தகம் அச்சானது, 250 பிரதிகள். அங்கே பயின்ற பெண்கள் பாடசாலைகளுக்கு ஆசிரியைகளாகப் போனார்கள். ஆட்டமும் அவர்களோடு பயணம் செய்தது.

இலங்கைக்கு அது வந்தது 1921இல். கனடாவிலிருந்து பெண் சாரணியரைப் பயிற்றுவிக்க வந்த ஜென்னி கிரீன், கண்டி மகளிர் உயர்தரப் பாடசாலையின் சாரணியருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார் என்பது நம் நாட்டு வலைப்பந்தாட்ட வரலாறு. கொழும்பில் தொடங்கி மலைக்கு ஏறிய சங்கதிகளே இந்நாட்டில் அதிகம். இது மலைநாட்டில் தொடங்கிக் கீழே இறங்கியது என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமைப்பட இடமிருக்கிறது.

இதைவிடப் பெரிய பெருமை ஒன்றும் உண்டு. 1960 வரை நாட்டுக்கு நாடு சட்டம் வேறாக இருந்தது. நியூசிலாந்தில் நீண்ட காலம் ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆடினார்கள். அந்த வருடம் பல நாட்டுப் பிரதிநிதிகள் இலங்கையில் கூடித்தான் பொதுச் சட்டங்களை ஒத்துக்கொண்டார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை உலகப் போட்டி என்றும் தீர்மானித்தார்கள். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் முதல் உலகப் போட்டி நடந்தபோது ஆடிய 11 நாடுகளில் இலங்கையும் ஒன்று.

ஆட்டம் வந்துவிட்டது. அதைக் கற்பிக்கும் கலை வந்ததா? ஆண் ஆசிரியர்களுக்கு ஒரு வழி இருந்தது. 1920இல் ஹாரி க்ரோ பக் சென்னையில் தொடங்கிய வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்கு இலங்கையிலிருந்தும் போய்ப் படித்து வந்தார்கள். மலைநாட்டுப் பெண் பாடசாலைகளில் பெரும்பாலும் வேறு கதை. தையல் டீச்சரோ புவியியல் டீச்சரோ, வயதில் இளையவர், தட்ட முடியாதவர், அவர் கையில் ஒரு விசிலும் சட்டப் புத்தகமும் கொடுக்கப்படும். தான் சிறுமியாக எப்படிப் பயிற்றுவிக்கப்பட்டாரோ அப்படியே அவர் நமக்குச் செய்வார். மைதானத்தைச் சுற்றி ஐந்து ஓட்டம், ஜோடி ஜோடியாகப் பந்து எறிதல், பிறகு ஆட்டம், பிறகு திட்டு. நான் படித்த காலத்துப் பயிற்சி முறைக்கும் என் பெரியம்மா படித்த காலத்து முறைக்கும் நடுவே முப்பது வருட இடைவெளி இருந்தது. இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தபோது வித்தியாசம் பந்தின் தோலில் மட்டும்தான் இருந்தது.

இதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. மலையில் ஒரு வலைப்பந்துக் களத்துக்குத் தேவையான 30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும் கொண்ட சமதரை கிடைப்பதே அபூர்வம். நம் களத்தின் ஒரு மூலை தாழ்ந்திருந்தது உங்களுக்கு ஞாபகமிருக்கும். பந்து தப்பினால் மண் அணையைத் தாண்டித் தேயிலைக்குள் போகும், அட்டைக்கடி வாங்காமல் எடுக்க முடியாது. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் செப்ரெம்பர் வரை ஹட்டன் பக்கம் காய்ந்த மாலை என்று ஒன்று அரிது. நனைந்த பந்து கையில் நிற்காது. மூடுபனி இறங்கினால் அந்தப் பக்கத்துக் கம்பமே தெரியாது. ஈஸ்ட்போர்னில் எழுதிய பயிற்சிப் புத்தகம் இதற்கெல்லாம் பதில் வைத்திருக்கவில்லை. நின்று யோசித்தவரிடம்தான் பதில் இருந்தது.

1970களின் முற்பகுதியில் நமக்கு வலைப்பந்தாட்டம் பழக்கிய டீச்சரின் பெயரை நான் எழுதத் தேவையில்லை. நீல மழைக்கோட்டு என்றால் அந்த வருடங்களில் படித்தவர்கள் யாரென்று சொல்லிவிடுவீர்கள். அவரும் பயிற்சி பெற்றவர் அல்லர்; கற்பித்தது கணிதம். ஆனால் ஒரு பழக்கம் அவரிடம் இருந்தது. பயிற்சி முடிந்து நாங்கள் சப்பாத்தின் சேற்றைத் தட்டிக்கொண்டிருக்கும்போது, மண்டபப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியில் பத்து நிமிடம் எழுதுவார். நாங்கள் அது வரவு இடாப்பு என்று நினைத்திருந்தோம். பல வருடங்களுக்குப் பின், நானும் ஆசிரியையான பிறகு, அந்தக் கொப்பிகளில் இரண்டை அவர் எனக்குப் பார்க்கத் தந்தார்.

முதல் பக்கங்களில் இருந்தது எதிர்பார்த்ததுதான். இன்று யார் எத்தனை பந்து தவறவிட்டாள், எந்தப் பக்கம் திரும்பும்போது கால் சறுக்குகிறாள். கணித டீச்சர் அல்லவா, எல்லாம் எண்கள். சில வாரம் கழித்து எண்கள் அவரை வேறு இடத்துக்கு இழுத்துச் செல்கின்றன. பயிற்சியின் கடைசி அரை மணியில் தவறுகள் கூடுகின்றன. களைப்பு என்று எழுதி, அடித்து, யார் யாருடைய தவறுகள் என்று பிரித்துப் பார்த்திருக்கிறார். விடுதிப் பிள்ளைகளின் தவறு கூடவில்லை. தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளின் தவறுதான் கூடுகிறது. அவர்கள் அடிக்கடி ஸ்டேஷன் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று அடுத்த பக்கத்தில் ஒரு வரி.

தலவாக்கலைப் பக்கமும் வட்டவளைப் பக்கமும் போகிறவர்களுக்கு மாலை ரயிலை விட்டால் வீட்டுக்குப் போக வழியில்லை. "மிஸ், ரயில் போயிரும்" என்று சொல்லத் துணிந்தவர்கள் கேட்டுக்கொண்டு ஓடினார்கள். துணியாதவர்கள் ரயிலை நினைத்துக்கொண்டே பந்தைத் தவறவிட்டார்கள், திட்டு வாங்கினார்கள், அடுத்த தவணை பெயர் கொடுக்கவில்லை. 'தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டில் அக்கறையில்லை' என்று அக்காலத்தில் ஆசிரியர் அறையில் சாதாரணமாகச் சொல்லப்படும். அக்கறை பற்றிய பேச்சு ரயில் நேரசூசி பற்றிய பேச்சாக மாறியது அந்தக் கொப்பியின் ஒரு பக்கத்தில்தான். அதற்குப் பிறகு பயிற்சி காலை முதல் மணிக்கு முன்னரும் மதிய இடைவேளையிலுமாக மாறியது. எங்களுக்கு அது டீச்சரின் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. காலைக் குளிரில் விரல் விறைக்கும்.

1973, 74 பஞ்சம் வந்தது. தோட்டங்களில் மா இல்லை, அரிசி இல்லை. அந்த வருடக் கொப்பியில் ஓட்டங்கள் ஐந்திலிருந்து இரண்டாகி, பிறகு இல்லாமலே போகின்றன. 'இன்று ஒருத்தி உட்கார்ந்துவிட்டாள், காலையில் சாப்பிடவில்லை, கேட்காமல் ஓடவிட்டேன்' என்று ஓரிடத்தில். அடுத்த கிழமையிலிருந்து விடுதிச் சமையலறையிலிருந்து அவித்த மரவள்ளிக்கிழங்கும் பிளேன்டீயும் வருகின்றன. கால் அசையாமல் கையால் மட்டும் செய்யும் பயிற்சிகள் சிலவற்றை அவரே யோசித்து, படம் போட்டு வைத்திருக்கிறார். கம்பத்திலிருந்து மூன்றடி தள்ளி நின்று எறிவது, பிறகு நான்கடி, ஐந்தடி. அந்த வருடத்து அணியின் எறிதல் மற்ற ஆண்டுகளைவிட நன்றாக இருந்தது என்பதும் அவர் எண்களிலேயே தெரிகிறது. அதற்காகப் பஞ்சத்துக்கு நன்றி சொல்ல முடியாது.

இன்னொரு விதமான குறிப்பும் அந்தப் பக்கங்களில் உண்டு. சில பெயர்களின் எதிரே 'இந்தியா' என்று ஒரே சொல். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் குடும்பம் குடும்பமாக ஹட்டனில் ரயிலேறித் தலைமன்னார் போனார்களே, அந்தப் பெயர்கள். ஒரு தவணையில் நடுக்கள ஆட்டக்காரிகள் இருவர் போய்விட்டார்கள். ஆட்டமுறையை மாற்ற வேண்டும், யார் சென்ரர் ஆடுவாள் என்று கேள்விக்குறி போட்டுவிட்டு, அதன் கீழே அந்த இரண்டு பிள்ளைகளும் எந்தெந்தப் பந்தை நன்றாகப் பிடிப்பார்கள் என்று விவரமாக எழுதியிருக்கிறார். அது எந்தப் பயிற்சிக்கும் பயன்படும் குறிப்பு அல்ல. ஏன் எழுதினார் என்று நான் கேட்கவில்லை.

இப்படிச் செய்வதற்கு ஒரு பெயர் உண்டு என்பதை நான் பின்னாளில்தான் அறிந்தேன். அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஷோன் 1983இல் எழுதிய நூலில், கட்டடக் கலைஞர், உளச்சிகிச்சையாளர் போன்ற தொழிலாளர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்தார். படித்த கோட்பாட்டை அப்படியே பிரயோகிப்பதால் மட்டும் அவர்கள் வளர்வதில்லை. வேலை நடக்கும்போதே யோசிக்கிறார்கள், நடந்த பிறகும் யோசிக்கிறார்கள் என்றார். ஆசிரியக் கல்வியில் இன்று இதைப் பிரதிபலிப்பு என்கிறோம். 2001இல் கனடாவின் வேட் கில்பேர்ட், பியேர் ட்ரூடெல் இருவரும் சிறுவர் அணிகளின் சிறந்த பயிற்றுவிப்பாளர் ஆறு பேரைக் கூர்ந்து ஆராய்ந்தபோது, ஷோன் சொன்ன இரண்டோடு மூன்றாவது ஒன்றையும் கண்டார்கள்: பருவம் முழுதும் முடிந்து, இனி அந்த அணிக்கு எதுவும் செய்ய முடியாது என்ற நிலையில் திரும்பிப் பார்த்தல். நம் டீச்சர் அந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றி எழுதியது இதில் சேருமோ என்னவோ.

விளையாட்டுலகில் இதற்குப் பிரபலமான உதாரணம் கூடைப்பந்தாட்டப் பயிற்றுவிப்பாளர் ஜோன் வூடன். கலிஃபோர்னியாவின் யூ.சி.எல்.ஏ. அணியை 1964 முதல் 1975 வரையான 12 ஆண்டுகளில் 10 முறை தேசிய சம்பியனாக்கியவர். அதற்கு முன் பாடசாலையில் ஆங்கிலம் கற்பித்தவர். இரண்டு மணி நேரப் பயிற்சிக்குத் துணைப் பயிற்றுவிப்பாளர்களுடன் இரண்டு மணி நேரம் திட்டமிடுவார். ஒவ்வொரு நாளும் என்ன செய்தோம் என்பதைக் குறித்து வைத்து, மறு வருடம் அதே நாளில் எடுத்துப் பார்ப்பார். அவருடைய கடைசிப் பருவத்தில் ரொனால்ட் கலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரண்டு உளவியலாளர்கள் மைதானத்தில் உட்கார்ந்து அவர் செய்த ஒவ்வொன்றையும் எண்ணினார்கள். 2,326 செயல்களில் பாதி வெறும் அறிவுறுத்தல்: இப்படிச் செய், இங்கே நில். பாராட்டு 7 வீதத்துக்கும் குறைவு. கண்டிப்பும் ஏறத்தாழ அவ்வளவே. நல்ல பயிற்றுவிப்பாளர் என்றால் சத்தம் போடுபவர், அல்லது தட்டிக்கொடுப்பவர் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த எண்கள் பெரிய பாடம்.

நம் நாட்டிலேயே யோசிக்க வைக்கும் கதை ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணம் ஈவினையிலிருந்து வந்த தர்ஜினி சிவலிங்கம். உயரம் 208 சென்ரிமீற்றர். அந்த உயரத்துக்காகச் சிறுவயதில் கேலி செய்யப்பட்டவர். வளையம் இருப்பது 3.05 மீற்றர் உயரத்தில். கை தூக்கினால் அவருக்கு வளையம் அருகில். 2018இல் சிங்கப்பூரில் இலங்கை மீண்டும் ஆசிய சம்பியனானபோது அவர் அணியில் இருந்தார். 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் 348 கோல்கள் போட்டு எல்லா நாட்டு ஆட்டக்காரிகளிலும் முதலிடம் பெற்றார். உயரமான ஒருத்தி கிடைத்தால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பந்து அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டுமே! தரையோடு வேகமாக எறிந்து பழகிய நடுக்களத்தார் எல்லோரும், எதிரணியின் கைகளுக்கு மேலாக உயர்த்தி, சரியான இடத்தில் விழும்படி எறியக் கற்க வேண்டும். ஒருத்திக்காக மற்ற ஆறு பேரும் பழக்கத்தை மாற்ற வேண்டும். பயிற்றுவிப்பவரும் தன் பழக்கத்தை மாற்ற வேண்டும். இவளை எங்கே வைப்பது என்று ஒருவர் யோசித்ததால் கிடைத்தது அந்த ஆட்டம். நம் வகுப்பறைகளின் கடைசி வாங்கில் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்த உயரமான பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களைப் பார்த்து யார் யோசித்தது?

இன்றைய நிலைமை முன்னைவிட நல்லது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சுகாதாரமும் உடற்கல்வியும் ஒரு பாடமாகிவிட்டது. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மன் உதவியுடன் பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரியால் தோட்டத்துப் பிள்ளைகளே பயிற்றப்பட்ட ஆசிரியர்களாகத் தோட்டத்துப் பாடசாலைகளுக்குத் திரும்பினார்கள். கல்வியியல் கல்லூரிகளில் இரண்டு வருடம் தங்கிப் படித்து, மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறுபயிலுநராக இருக்க வேண்டும். தன் பாடத்தைத் தானே திரும்பிப் பார்த்து எழுதும் பழக்கம் அங்கே தொடங்குகிறது.

ஆனால் எழுதுவது கோப்பு நிரப்பும் வேலையாகிவிட்டால் பயனில்லை. 'இன்றைய பாடம் நோக்கத்தை அடைந்தது' என்று நாற்பது நாளும் நாற்பது தரம் எழுதப்பட்ட பதிவேடுகளை நான் மேற்பார்வையில் பார்த்திருக்கிறேன். நீல மழைக்கோட்டு டீச்சரின் கொப்பியை யாரும் பரிசோதித்ததில்லை. அதனால்தான் அதில் 'கேட்காமல் ஓடவிட்டேன்' என்று எழுத முடிந்தது. அதே சமயம் அவருக்குக் குறையாக இருந்தது துணை. பேசுவதற்கு இன்னொரு பயிற்றுவிப்பாளர் இல்லை. வூடனுக்கு உதவியாளர்கள் இருந்தார்கள். கனடாவின் அந்த ஆறு பேரும்கூடத் தங்கள் சிக்கலைச் சக பயிற்றுவிப்பாளரிடம் பேசித்தான் தெளிவடைந்தார்கள்.

பயிற்றுவிப்பாளருக்கான முறையான பாடநெறிகளை நடத்தும் தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவகம் கொழும்பில் இருக்கிறது. ஹட்டனிலிருந்து ஒரு ஆசிரியை வார இறுதியில் அங்கே போய் வர, பஸ் செலவு, தங்குமிடம், வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆள் எல்லாம் வேண்டும். பல பாடசாலைகள் இதற்கு மாற்றாக, மாகாணப் போட்டிக்கு ஆறு வாரம் முன்பு வெளியிலிருந்து ஒருவரைக் கூலிக்கு அழைத்து, போட்டி முடிந்ததும் அனுப்பிவிடுகின்றன. கிண்ணம் சில வேளை வருகிறது. அவர் கற்றது அவரோடு போய்விடுகிறது. எந்தப் பிள்ளை எதனால் நின்றாள் என்று அவருக்குத் தெரிய நேரம் இல்லை.

நம் சங்கம் வருடாவருடம் விளையாட்டுக்குப் பணம் தருகிறது. கனடா, லண்டன், அவுஸ்திரேலியாக் கிளைகளின் தாராளம் எல்லோரும் அறிந்தது. கிண்ணங்களும் சீருடைகளும் நிறைய வந்துவிட்டன. இந்த நூற்றாண்டு ஆண்டில் ஒரு பகுதியை, விளையாட்டுக்குப் பொறுப்பான இரண்டு ஆசிரியைகளின் தொழில்வாண்மை விருத்திக்கு ஒதுக்கும்படி செயற்குழுவிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன்: பாடநெறிக் கட்டணம், பிரயாணம், தங்குமிடம், அத்துடன் தவணைக்கு ஒரு சனிக்கிழமை நுவரெலியா, கொட்டகலை, தலவாக்கலைப் பாடசாலைகளின் பயிற்றுவிப்பாளர்கள் நம் மண்டபத்தில் கூடிப் பேசத் தேநீர்ச் செலவு. பெரிய தொகை அல்ல. பொதுக்கூட்டத்தில் இது வரும்போது வெளிநாட்டுக் கிளைகளும் தங்கள் கருத்தை எழுதி அனுப்புங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். டீச்சரின் இரண்டு கொப்பிகளும் அவர் குடும்பத்தாரின் அனுமதியோடு நூலகத்தின் இரும்பு அலமாரியில் இப்போது இருக்கின்றன. 1975க்குப் பிந்தியவை கிடைக்கவில்லை. பயிற்சி நேர அட்டவணை, ஸ்கோர் தாள், சுவரில் ஒட்டிய அணித் தெரிவு அறிவித்தல், எதுவானாலும் உங்கள் பெட்டிகளில் இருந்தால் அதிபர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பிரதி எடுத்துத் திருப்பித் தருவோம். கோத்தகிரியிலும் கூடலூரிலும் திருச்சியிலும் இருக்கும் சகோதரிகளுக்கு இந்த மலர் போய்ச் சேர்ந்தால், அந்த இரண்டு நடுக்கள ஆட்டக்காரிகளும் அங்கே எங்கேயாவது இதை வாசித்தால், ஒரு கடிதம் போடுங்கள். உங்களைப் பற்றி எழுதியிருக்கும் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி வைக்கிறேன்.